பாசிக்கும் நோய் வருமா?

பாசி என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? கிணற்றடியில் உடுப்புத் துவைக்கும் கல்லில் படர்ந்து காலை வழுக்கி விடும் அந்தப் பச்சைப் படையா? அல்லது நோன்பு காலத்தில் சீனியும் பாலும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறைய வைத்து, துண்டு துண்டாக வெட்டி வைக்கும் கடற்பாசியா? இரண்டுமே பாசிதான். சமையலறைக்கு வரும் கடற்பாசி, கடலில் வளரும் செந்நிறப் பாசிகளை அவித்து எடுத்த சாறு. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தக் குடும்பம் முழுவதற்கும் அல்கா என்று பெயர் போட்டிருக்கும்.

நாம் இங்கே பேசப் போவது இந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய அங்கத்தவர்களைப் பற்றி. ஒரே ஒரு கலத்தால் ஆனவை. கடலின் மேற்பரப்பில், வெயில் எட்டும் ஆழம் வரைக்கும், கோடானுகோடியாக மிதப்பவை. இவற்றுக்கு வேரில்லை, இலையில்லை. ஆனாலும் உலகில் நடைபெறும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இவற்றால்தான் நடைபெறுகிறது. நமது வீட்டு முற்றத்து மாமரமும் அமேசன் காடும் சேர்ந்து மற்றப் பாதியைச் செய்கின்றன. சூடை மீனும் சூரை மீனும் நமது சட்டிக்கு வந்து சேர்வதற்கு முன்னர், அவற்றின் உணவுச் சங்கிலியின் முதற் கண்ணி இந்த மிதக்கும் பாசிதான்.

இத்தனை பெரிய பொறுப்பைச் சுமக்கும் இந்தச் சின்னஞ்சிறு உயிருக்கும் நோய் வருமா? வரும். அதுவும் வைரஸ் நோய்!

ஒரு தேக்கரண்டிக்குள்

2020ஆம் ஆண்டின் பின்னர் வைரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு முகக்கவசமும் பூட்டிய கடைகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் உலகிலுள்ள வைரசுகளில் மனிதனை நோயில் வீழ்த்துபவை மிகமிகச் சிலவே. பெரும்பாலானவற்றுக்கு நாம் யாரென்றே தெரியாது. அவற்றின் இரை பற்றீரியாக்களும் பாசிகளுமாகும்.

கடற்கரைக்குப் போகும்போது ஒரு தேக்கரண்டி கடல் நீரை அள்ளிப் பாருங்கள். தெளிந்த தண்ணீராகத்தான் தெரியும். அதற்குள் சுமார் ஐந்து கோடி வைரசுகள் இருக்கக்கூடும். நமது நாட்டின் சனத்தொகையைப் போல் இரு மடங்கிற்கும் அதிகம்!

இது நீண்ட காலமாக எவருக்கும் தெரியாதிருந்தது. கடல் நீரில் வைரஸ் உண்டென்பதை விஞ்ஞானிகள் முன்னரே அறிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணிய முறை வேறு. ஆய்வுகூடத்தில் வளர்த்த பற்றீரியாவின் மீது கடல் நீரை ஊற்றி, அதில் எத்தனை இடத்தில் பற்றீரியா செத்துப் போகிறது என்று பார்த்தார்கள். கடலிலுள்ள உயிர்களில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் வளர மறுப்பவை. ஆகவே அவற்றைத் தாக்கும் வைரசுகளும் கணக்கில் வரவில்லை. விருந்துக்கு வந்தவர்களை எண்ணாமல், தனக்குத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணிய கதைதான்.

நோர்வே நாட்டின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். நீரை அதிவேகமாகச் சுழற்றி, அதிலுள்ளவற்றை அடியில் படிய வைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் நேராகவே பார்த்து எண்ணினார்கள். 1989இல் அவர்களது முடிவு வெளியானபோது கடல் விஞ்ஞானமே அதிர்ந்தது. ஒரு மில்லிலீற்றர் நீரில் இருபத்தைந்து கோடி வரைக்கும் வைரசுகளை அவர்கள் கண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே, இந்த வைரசுகள் சும்மா மிதந்து கொண்டிருக்கவில்லை, கடலின் பாசிகளையும் பற்றீரியாக்களையும் அன்றாடம் கொன்று கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் ஆய்வுகள் வெளிவந்தன. கடலின் நுண்ணுயிர்த் திரளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் வைரசினால் மடிகிறது என்பது இன்று பொதுவாகக் கூறப்படும் கணக்கு.

இதில் நமது சமையலறைக்கும் ஒரு பங்குண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சில பாசிகளை ஆய்வுகூடத்தில் தட்டையான கண்ணாடித் தட்டில் பச்சைப் பாய் விரித்தாற்போல் வளர்ப்பார்கள். அதில் வைரஸ் பட்ட இடமெல்லாம் பாசி கரைந்து, வட்ட வட்டமாகத் துளை விழும். துளைகளை எண்ணினால் வைரசை எண்ணியதாகும். அந்தப் பாய் விரிக்கப்படும் தட்டில் ஊற்றி உறைய வைத்திருப்பது என்ன தெரியுமா? நாம் நோன்புக்குக் காய்ச்சும் அதே கடற்பாசிதான்! இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்தவர் ஓர் இல்லத்தரசி. பெனி ஹெஸ்ஸே என்பது அவர் பெயர். 1881இல் அவரது கணவர், புகழ்பெற்ற ரொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்க முயன்று கொண்டிருந்தார். அவர் பாவித்த ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகி ஓடியது. வெயிலிலும் உன்னுடைய ஜெலியும் புடிங்கும் உருகாதிருப்பது எப்படி என்று மனைவியிடம் கேட்டார். கடற்பாசி சேர்ப்பதுதான் என்றார் பெனி. சாவாவில் வாழ்ந்திருந்த ஓர் அயல் வீட்டாரிடம் சின்ன வயதில் அவர் கற்றுக் கொண்ட பக்குவம் அது. மறு ஆண்டு கொக் தமது காசநோய்க் கட்டுரையில் கடற்பாசியைக் குறிப்பிட்டார். பெனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. உலகின் ஆய்வுகூடங்கள் இன்றும் அவரது சமையற் பக்குவத்தைத்தான் பின்பற்றுகின்றன.

வெள்ளைச் சட்டை அணிந்த பாசி

பாசிகளைத் தாக்கும் வைரசுகள் பலவுண்டு. அவற்றுள் ஆய்வாளர்கள் அதிகம் பழகிய ஒன்றைப் பார்ப்போம்.

அது தாக்கும் பாசியின் பெயர் எமிலியானியா ஹக்ஸ்லேயி. வாயில் நுழையாத பெயர்தான். எமிலியானி, ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகளின் பெயரைச் சேர்த்துக் கட்டிய பெயர். நாம் எமிலியானியா என்றே அழைப்போம். இருநூறு பாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் நிறையும். ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர்கள் வாய்பிளந்து நிற்பார்கள். தன்னைச் சுற்றி, சில்லு வடிவான சுண்ணாம்புத் தகடுகளைச் செய்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திக் கொண்டிருக்கும். பின்னல் வேலை செய்த குஞ்சத் தட்டுகளைப் பந்தொன்றின் மீது ஒட்டி வைத்தாற்போல் இருக்கும் அதன் தோற்றம்.

ஹக்ஸ்லி இந்தத் தகடுகளை முதலில் கண்டது உயிருள்ள பாசியில் அன்று. அத்திலாந்திக் கடலடியில் தந்திக் கம்பி போடுவதற்காக ஆழம் பார்த்த கப்பல் அள்ளி வந்த சேற்றில்தான் அவற்றைக் கண்டு, 1858இல் எழுதினார். பின்னர் 1868இல், இங்கிலாந்தின் நோர்விச் நகரத்துத் தொழிலாளர்களுக்கு அவர் ஒரு சுண்ணக்கட்டியைக் காட்டி ஆற்றிய சொற்பொழிவு பெயர் பெற்றது. இங்கிலாந்தின் டோவர் கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் மலைச் சுவர்கள், எமிலியானியாவின் பழைய உறவினர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உதிர்த்த சட்டைகளே!

மிதவெப்பக் கடல்களில், வசந்தமும் கோடையும் வந்து நீர் அமைதியடையும் வேளையில், இந்தப் பாசி திடீரென்று பெருகும். அந்தப் பெருக்கு ஒரு லட்சம் சதுர கிலோமீற்றரையும் தாண்டிப் பரவுவதுண்டு. இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். அப்போது கடல், தண்ணீரில் பாலைக் கலந்தாற்போல் வெளிறிய நீலமாக மாறிவிடும். சுண்ணாம்புத் தகடுகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதே காரணம். விண்ணில் சுற்றும் செய்மதிக்கும் இந்த வெண்மை தெரியும். செய்மதிப் படத்தையும் கப்பலில் சென்று அள்ளிய நீரையும் ஒப்பிட்டு, வெண்மைக்குக் காரணம் இந்தப் பாசிதான் என்று நிறுவிய ஆய்வு 1983இல் வெளியானது.

ஆனால் சில வாரங்களில் எல்லாம் மறைந்து விடும். கடல் மீண்டும் நீலமாகிவிடும். எங்கே போயிற்று அத்தனை பாசியும்? உணவுச் சத்துத் தீர்ந்து போயிருக்கும், சிறு பிராணிகள் மேய்ந்திருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

கடலில் தொங்கிய பைகள்

கடலில் நடப்பதைக் கடலிலேயே வைத்துப் பார்ப்பது கடினம். இன்று பார்த்த தண்ணீர் நாளைக்கு அங்கே இராது. பேர்கன் ஆய்வாளர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். நோர்வேயின் கடல் மலைகளுக்கு இடையில் புகுந்து கிடக்கும் இடத்தை அங்கே பியோட் என்பார்கள். அங்கே, பல ஆயிரம் லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பைகளை மிதவையில் கட்டித் தொங்க விட்டு, கடல் நீரை நிரப்பினார்கள். நைதரசனும் பொசுபரசும் சேர்த்துப் பாசியைப் பெருக விட்டார்கள். நாள் தவறாமல் எண்ணினார்கள்.

பாசி பெருகியது. உச்சத்தை எட்டியது. பின்னர் சடுதியாகச் சரிந்தது. சரியும் அதே நாட்களில் ஒரே அளவும் ஒரே உருவமும் கொண்ட பெரிய வைரசுகள் நீரில் நிறைந்தன. சாகும் பாசிக் கலங்களின் உள்ளேயும் அவையே திணிந்திருந்தன. 1993இல் வெளியான இந்த ஆய்வு, உணவு தீர்ந்துதான் பாசி மடிகிறது என்ற எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. சத்து மீதமிருந்தபோதும் பாசி மடிந்ததே!

பிறகு 1999 ஜூலையில், இங்கிலாந்தின் பிளிமத் நகருக்கு அப்பால் ஆங்கிலக் கால்வாயில் பால் நிறப் பெருக்கொன்று செய்மதியில் தெரிந்தது. ஆய்வாளர்கள் கப்பலில் விரைந்து போய் நீர் எடுத்து வந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வைரசுக்கு ஈஎச்வி 86 என்று பெயரிட்டார்கள். அதன் பரம்பரை எழுத்துகள் முழுவதையும் வாசித்து முடித்து 2005இல் வெளியிட்டார்கள். மொத்தம் 407,339 எழுத்துகள்! 472 பரம்பரையலகுகள்! உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்த கொரோனா வைரசுக்குச் சுமார் முப்பதாயிரம் எழுத்துகளே உண்டு. ஒரு பாசியைக் கொல்ல இத்தனை பெரிய ஏற்பாடா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இந்த எழுத்துகளுக்குள் எவரும் எதிர்பாராத ஒன்று இருந்தது. செரமைட் என்ற கொழுப்பைச் செய்யும் பரம்பரையலகுகள் பல வரிசையாக இருந்தன. செரமைட் உங்களுக்குப் புதிதன்று. முகத்துக்குப் பூசும் விலையுயர்ந்த கிறீம் போத்தல்களில் இந்தப் பெயரைக் கண்டிருப்பீர்கள். நமது தோலின் ஈரம் வெளியேறாமல் தடுத்து வைக்கும் கொழுப்பு வகை அது. ஆனால் கலத்தின் உள்ளே அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இனி நீ வாழ்ந்தது போதும், உன்னை நீயே அழித்துக் கொள் என்று கலத்துக்குக் கட்டளை சொல்லும் வேலை.

இந்தப் பரம்பரையலகுகளை வைரஸ் தானாகச் செய்து கொள்ளவில்லை. பாசியிடமிருந்து எப்போதோ எடுத்துக் கொண்டதாகவே ஆய்வாளர் கருதுகிறார்கள். வீட்டுச் சாவியைத் திருடி, அந்த வீட்டுக்கே வந்த கள்வன் என்று வைத்துக் கொள்ளுங்களேன். வைரஸ் பாசிக்குள் புகுந்ததும், பாசியின் கொழுப்புத் தொழிற்சாலையைத் தன் கையில் எடுக்கிறது. தனக்கே உரிய ஒரு வகைக் கொழுப்பைச் செய்விக்கிறது. அதைத் தன் குட்டிகளுக்குப் போர்வையாக்கிக் கொள்கிறது. அந்தக் கொழுப்பு கலத்தில் ஓரளவுக்கு மேல் சேர்ந்ததும் கலத்தின் தற்கொலைக் கட்டளை முடுக்கி விடப்படுகிறது. 2009இல் இதை எடுத்துக் காட்டிய ஆய்வில், வைரசே இல்லாமல் அந்தக் கொழுப்பை மட்டும் பாசிக்குக் கொடுத்த போதும் பாசி இறந்தது. உள்ளே நுழைந்து சில மணித்தியாலங்களிலேயே புதிய வைரசுகள் வெளிவரத் தொடங்கும். ஒரு கலத்திலிருந்து சில நூறு முதல் ஆயிரம் வரை. ஒவ்வொன்றும் அடுத்த பாசியைத் தேடும்.

பாசியின் சுண்ணாம்புச் சட்டை கழன்று நீரில் மிதக்கும். ஆகவே, செய்மதியில் தெரியும் அந்த அழகிய பால் வெண்மையில் பெரும் பகுதி, செத்தவை விட்டுப் போன சட்டைகளுக்கு உரியது.

பாசியின் மறுதந்திரம்

இப்படியே போனால் எமிலியானியா என்ற இனமே எப்போதோ அழிந்திருக்க வேண்டுமே! அப்படி அழியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருகிறது. எப்படி?

இந்தப் பாசிக்கு இரண்டு வேஷங்கள் உண்டு. ஒன்று நாம் பார்த்த வெள்ளைச் சட்டைக்காரன். இதன் கலத்தில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதியாக இருக்கும். மற்றது சட்டையில்லாதது. ஒரே தொகுதி நிறமூர்த்தம் கொண்டது. இரண்டு மெல்லிய சவுக்குமுளைகளை அசைத்து நீந்தக் கூடியது. இரண்டும் ஒரே பாசிதான் என்று பார்த்த மாத்திரத்தில் எவரும் சொல்ல முடியாது. வைரசாலும் சொல்ல முடியவில்லை! வெள்ளைச் சட்டைக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வைரஸ், சட்டையில்லாத கலத்தை ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் பரவும்போது பாசியில் ஒரு சிறு பகுதி வேஷம் மாறி உயிர் பிழைத்துக் கொள்கிறது.

2008இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் செஷயர் பூனைத் தந்திரம் என்று பெயரிட்டார்கள். ஆலிஸ் என்ற சிறுமியின் ஆங்கிலக் கதையில், உடலை மறைத்துக் கொண்டு தலையை மட்டும் காட்டும் பூனையொன்று வரும். அதன் தலையை வெட்டு என்று இராணி கட்டளையிடுவாள். உடலே இல்லாத தலையை எப்படி வெட்டுவது என்று வெட்ட வந்தவன் திகைத்து நிற்பான். விஞ்ஞானிகளுக்கும் பிள்ளைக் கதைகள் மறப்பதில்லை போலும்.

இந்த ஓட்டமும் துரத்தலும் நேற்று இன்று தொடங்கியதல்ல. கருங்கடலின் அடியில், ஒட்சிசன் இல்லாத சேற்றில், பழைய பொருட்கள் சிதையாமல் படை படையாகக் கிடக்கின்றன. அந்தச் சேற்றை ஆராய்ந்தவர்கள், எமிலியானியாவினதும் அதன் வைரசினதும் பரம்பரைப் பொருளைச் சுமார் 7000 ஆண்டுகள் பழமையான படைகளிலும் கண்டதாக 2011இல் அறிவித்தார்கள்.

காற்றில் ஏறும் வைரஸ்

கடல் என்பது எவ்வளவு பரந்தது! ஒரு பெருக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் அப்பாலுள்ள இன்னொரு பெருக்கிற்கு வைரஸ் எப்படிப் போய்ச் சேரும்? தானாக நீந்த அதற்கு வழியில்லை. பாசியை மேயும் கொப்பபொட் என்னும் சிறு இறால் போன்ற பிராணிகள், நோயுற்ற பாசியையும் சேர்த்து உண்டு, வைரசைத் தம்முடன் சுமந்து சென்று வேறோர் இடத்தில் கழிக்கின்றன என்று 2014இல் காட்டினார்கள். மறு ஆண்டில் இன்னும் விந்தையான செய்தி வந்தது. அலை உடைந்து நுரைக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளில் ஏறி, இந்த வைரஸ் காற்றோடு போகிறது. காற்றில் சேகரித்த வைரசை மீண்டும் பாசியில் விட்டபோது பாசிக்கு நோய் வந்தது.

காற்றில் கிளம்புவது வைரஸ் மாத்திரமல்ல. கடற்கரையில் இறங்கியதும் மூக்கைத் தொடும் அந்தக் கடல் வாடை இருக்கிறதே, அதில் பெரும் பங்கு டைமெதில் சல்பைட் என்ற கந்தக வாயுவினுடையது. இந்த வாயுவின் மூலப்பொருளைப் பாசிகள் தமக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன. வைரஸ் பாசியை உடைக்கும்போது அது வெளியே கொட்டுகிறது. வானத்தில் இந்த வாயு சிறு துணிக்கைகளாக மாறி, முகிலின் நீர்த்துளிகள் பிடித்து உருவாகும் விதைகளாகிறது. பாசி பெருகினால் முகில் பெருகும், முகில் பெருகினால் பூமி குளிரும் என்று 1987இல் நான்கு விஞ்ஞானிகள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கேட்க அழகான கருத்து. ஆனால் முகில் விதைகள் கடல் உப்பு உட்படப் பல வழிகளில் உருவாகின்றன, பாசியின் பங்கு அவ்வளவு பெரிதல்ல என்று 2011இல் வலுவான மறுப்பும் வந்துவிட்டது. முகிலையெல்லாம் பாசியின் கணக்கில் எழுதும் பேச்சை நாம் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

இதைவிட நமக்கு முக்கியமானது காபன் கணக்கு. பாசி மீனுக்குப் போக வேண்டிய உணவு. வைரஸ் அதை உடைத்து நீரில் கரைத்து விடும்போது, அது மீனிடம் போகாமல் பற்றீரியாக்களிடம் போகிறது. பற்றீரியாக்கள் அதை உண்டு, காபனீரொட்சைட்டாக மூச்சு விடுகின்றன. அதேவேளை உடைந்த பாசியிலிருந்து வெளியாகும் இரும்பும் நைதரசனும் அடுத்த பாசிக்கு உரமாகின்றன. வேறு சில வேளைகளில் நோயுற்ற பாசி, பசை போன்ற பொருளை விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகி, ஆழ்கடலுக்கு அமிழ்ந்து போகிறது. அப்போது அதிலுள்ள காபன் நீண்ட காலத்துக்கு வானத்துக்குத் திரும்பி வராது. எந்த வேளையில் எது நடக்கிறது என்பதில்தான் இன்று ஆய்வாளர்களின் வாதம் நடக்கிறது. வெப்பமடைந்து வரும் பூமியில் நமது பேரப்பிள்ளைகள் எத்தகைய காலநிலையில் வாழ்வார்கள் என்று கணக்கிடுபவர்களுக்கு இந்த விடை வேண்டியிருக்கிறது.

எமிலியானியாவின் பெரும் பெருக்குகள் தூரத்து மிதவெப்பக் கடல்களுக்கு உரியவை. நம்மைச் சூழ்ந்த வெதுவெதுப்பான இந்து சமுத்திரத்தில் ஆட்சி செய்வது அதைவிடச் சிறியது. புரோகுளோரோகொக்கஸ் என்பது பெயர். முறைப்படி அது பற்றீரியா வகுப்பைச் சேர்ந்தது என்றாலும், பாசியைப் போலவே ஒளித்தொகுப்புச் செய்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த பெண் விஞ்ஞானி சாலி சிஷோமும் அவரது துணைவர்களும் 1988இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதையும் இதன் உறவினங்களையும் தாக்கும் வைரசுகள் ஒளித்தொகுப்புக்கான பரம்பரையலகுகளையே தம்முடன் கொண்டு வருகின்றன! சாகும் தறுவாயிலும் அந்தக் கலம் வெயிலைப் பிடித்து, வைரசுக்காக உழைத்துக் கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நமக்கு ஆபத்தா?

இவ்வளவும் படித்த பின்னர், பிள்ளைகளைக் கடலில் குளிக்க விடலாமா, மீன் வாங்கலாமா என்ற கேள்வி உங்கள் மனதில் எழுந்திருக்கும். கவலை வேண்டாம். ஒவ்வொரு வைரசும் தனக்குரிய பூட்டுக்குத்தான் சாவி வைத்திருக்கிறது. எமிலியானியாவின் வைரஸ் பக்கத்தில் மிதக்கும் வேறினப் பாசியைக்கூடத் தொடுவதில்லை. மனிதரின் கலம் அதற்கு எங்கே திறக்கப் போகிறது! கடலில் குளிக்கும் ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கான இந்த வைரசுகளை நாம் விழுங்கியே வந்திருக்கிறோம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. சில பாசிகள் அளவு கடந்து பெருகும்போது நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மட்டி, சிப்பி முதலியவற்றின் உடலில் சேரும். இவற்றுள் சில நஞ்சுகள் எவ்வளவு அவித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை. நன்றாகச் சமைத்தால் எதுவும் போய்விடும் என்ற நமது வீட்டு நம்பிக்கை இங்கே செல்லாது. கடல் நிறம் மாறிக் கிடக்கும் இடத்தில் பொறுக்கிய மட்டியைச் சட்டியில் போடாதிருப்பதே நல்லது.

ஜப்பானியருக்கு இந்தச் செங்கடல் பெருக்கின் வலி நன்றாகத் தெரியும். 1972இல் அவர்களது உள்நாட்டுக் கடலில் சட்டனெல்லா என்ற பாசி பெருகி, கூடுகளில் வளர்த்த மீன்கள் ஒரு கோடியே நாற்பது லட்சம் மடிந்தன. 1988இல் ஹெட்டரோகப்சா என்ற புதிய பாசி தோன்றியது. இது மீனையோ மனிதனையோ தொடுவதில்லை. சிப்பிகளை மட்டுமே கொல்லும். உணவுச் சிப்பியும் முத்துச் சிப்பியும் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் அடித்தது இந்தப் பாசி. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சிப்பியெல்லாம் வாய் திறந்து செத்துக் கிடந்தால் அந்த ஆண்டு முழுவதும் என்ன செய்வது?

அந்நாட்டு ஆய்வாளர்கள் இந்தப் பாசியையும் வைரஸ் தாக்குவதைக் கண்டார்கள். அப்படியானால் அதையே ஏவி விடலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ஆனால் வைரசை ஆய்வுகூடத்தில் பெருக்கிக் கடலில் கொட்டுவதென்றால் எவருக்கும் மனம் வராது, செலவும் தாங்காது. எனவே எளிய ஒரு வழியை நாடினார்கள். பாசிப் பெருக்கு மடிந்த இடத்தின் அடிச்சேற்றில் வைரஸ் ஏராளமாகப் படிந்திருக்கும். அந்தச் சேற்றை அள்ளி உறைகுளிரில் வைத்தால் அதிலிருக்கும் பாசி செத்துவிடும், வைரஸ் பிழைத்திருக்கும். அடுத்த பெருக்குத் தொடங்கும் வேளையில் அதே நீர்நிலையில் அந்தச் சேற்றைத் தூவ வேண்டும். வெளியிலிருந்து எதுவும் கொண்டு வருவதில்லை.

சாடோ தீவில் காமோ என்ற உவர்நீர் ஏரியில், சிப்பிப் பண்ணைகளுக்கு நடுவே இதைச் செய்து பார்த்தார்கள். ஹெட்டரோகப்சாவின் எண்ணிக்கை குறைந்ததாக 2020இல் அறிக்கை வெளியாயிற்று. ஓர் ஏரியில் பலித்தது திறந்த கடலில் பலிக்குமா என்பது வேறு விடயம். அலையும் நீரோட்டமும் தூவிய சேற்றை நின்ற இடத்தில் நிற்க விடுமா? செஷயர் பூனையைப் போல் இந்தப் பாசியும் வேஷம் மாற்றக் கற்றுக் கொள்ளுமா? ஆய்வாளர்கள் இவற்றைச் சோதிக்கும் வரை, சிப்பி வளர்ப்போர் பழைய முறையைத்தான் நம்பியிருக்கிறார்கள். கரையோர நீரை அடிக்கடி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும், பாசி பெருகத் தொடங்கினால் சிப்பிக் கயிறுகளை அவிழ்த்துப் படகிலேற்றி வேறு நீருக்கு இழுத்துச் செல்வதும்தான் அது.